குட்டி நாயை பால்கனியில் கட்டிப் போடாதீங்க!

திருவான்மியூரில் அடுக்குமாடி வீடுகள் பெருகிப் போச்சு. கூடவே வெளிநாட்டுச் சாதிக் குட்டி நாய்களும் பெருகி விட்டன. அதில் ஒன்று ஜாக் ரஸ்ஸல் டெரியர். வெள்ளை உடம்பு, பழுப்புத் திட்டு, உயரம் ஓர் அடிக்குள், எடை 5, 6 கிலோ.

"சின்ன நாய்தானே, பிளாட்டுக்குத் தோதா இருக்கும்" என்று வாங்கி விடுகிறார்கள். வினையே அங்கேதான்!

இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற சாதி அல்ல. வேட்டை நாய். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த பரம்பரை. வளைக்குள் பதுங்கும் நரியைக் குரைத்தே வெளியே விரட்டணும். அதற்குத் தோண்டத் தெரியணும், ஓயாமல் குரைக்கணும், பயமே கூடாது. மூன்றும் இன்றைக்கும் அதன் ரத்தத்தில் இருக்கிறது.

பழைய எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய் முன்னால் தலை சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த நாயும் டெரியர் வகைதான். வீட்டுக்கு வருகிறவர் காலைக் கடிக்கப் பாயுமாம். அதனாலேயே 'நிப்பர்' என்று பேர்!

இப்படிப்பட்ட பிராணியை பால்கனியில் கட்டிவிட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆபீசுக்குக் கிளம்பி விட்டால்? அவிழ்த்து விட்டால் சோபா கிழியும், செருப்பு காலி. கட்டினால் குரைப்பு நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுப்பார். நாய்க்கு 'வெறி புடிச்சது' என்று பட்டம். வெறி இல்லை ஐயா, வேலை இல்லாத சலிப்பு!

தினமும் ஒரு மணி நேரமாவது அது ஓடி ஆடணும். அதுவும் வெயில் ஏறுவதற்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. தார் ரோடு கொதித்தால் நாயின் பாதமும் வெந்து போகும். எலி, பெருச்சாளியைக் கண்டால் விடாது. ஆகவே வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம்.

கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள் கயிற்றை விட்டு விடாதீர்கள். வருஷா வருஷம் ஜனவரி முதல் சில மாதம் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகிற மணல் அது. ஒரு குழியில் சுமார் 100 முட்டை. தோண்டுகிற நாயை அங்கே அவிழ்த்து விடலாமா?

அபராதம் 50 ரூபாய்!

நாயை எந்நேரமும் கட்டியே வைத்து, நடக்கவும் ஓடவும் விடாமல் இருப்பது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் 11-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதல் தடவை என்றால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். நாய் பிஸ்கட் பாக்கெட்டே அதைவிட விலை!

அந்தச் சட்டப்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். வாரியத்தின் அலுவலகமும் வால்மீகி நகரில்தான் இருந்தது. 2018-ல் அரியானாவுக்குப் போய்விட்டது.

அபராதத்தை உயர்த்த டெல்லிதான் மனசு வைக்கணும். ஆனால் நாய்க்கு லைசென்ஸ் தருவது நம்ம மாநகராட்சி. ஊசி போட்ட சான்றிதழைக் கேட்கிறார்களே, "பகலில் இதை யார் பார்த்துக்குவாங்க, யார் நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.