ஆம்ஸ்டர்டாம் பார்க்கிற கண்ணால காரைநகரையும் பாருங்கோ

ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்களின்ர பேரை வச்சவை. காரைநகர் ஆம்ஸ்டர்டாம். வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கிற தீவு லைடன். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். இதில டெல்ஃப்ட் மட்டும்தான் இண்டைக்கும் எல்லாற்ற வாயிலயும் இருக்கு.

எங்கட ஆக்கள் இப்ப பரிஸ், லண்டன், சூரிச் எண்டு பரந்து இருக்கினம். கோடை விடுமுறைக்கு அசல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகினம், கால்வாய்ப் படகில ஏறுகினம், டாம் சதுக்கத்தில நிண்டு படம் எடுத்துக் குடும்பக் குழுவில போடுகினம். நல்லது. பார்க்கவேண்டிய நகரம்தான் அது. 1613இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் வளையத்தை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனை முதலில் நகர மண்டபமாகக் கட்டப்பட்டது. இளகிய நிலத்தில் 13,659 மரக்குற்றிகளை இறக்கி, அவற்றின் மேல் எழுப்பியிருக்கிறார்கள். 1655இல் அதைத் திறந்தார்கள். அதன் பெரிய மண்டபத் தரையில் உலக வரைபடம் பளிங்கில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த நகரத்து ஆக்கள் உலகத்தின்மேல் நடந்து திரியலாம்.

அது திறந்து மூன்றாம் வருடம், 1658இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தது.

இதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆம்ஸ்டர்டாமை அரைவாசிதான் பார்த்திருக்கிறோம் என்பது என் கருத்து. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகக் கட்டடம் இன்றும் அந்த நகரத்தில் இருக்கிறது, பல்கலைக்கழகம் அதைப் பாவிக்கிறது. அந்தக் கம்பனியின் கணக்கில் எங்கட கடலும் ஒரு வரி. சின்ன வரிதான், ஆனால் இருக்கு. வன்னியில் பிடித்த யானைகள் ஊர்காவற்றுறையால இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. துணிக்குச் சிவப்பு ஏற்றும் சாயவேரைக் கிண்டிக் கொடுப்பது சில சாதியினர் மேல் கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தது.

இனி இங்க வாங்கோ. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில கடற்கோட்டை நிக்குது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பேர் வைத்தது. பன்றித் தொடையின் குதி என்று அர்த்தம்! இலங்கை அவர்களுக்குப் பன்றித் தொடை வடிவத்தில் தெரிந்ததாம். பிறகு அது சிறையாக இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டல். எதிர்க்கரையில், ஊர்காவற்றுறைக் கோட்டை பற்றைக்குள்ள இடிஞ்சு கிடக்குது. ஒன்று விருந்தாளிக்கு, மற்றது ஆட்டுக்கு. இரண்டிலும் எங்கட கதையைச் சொல்ல இடமில்லை.

“அது அடிமைச் சின்னம், விழுந்தா விழட்டும்” என்று சொல்லுகிறவர்கள் இருக்கினம். அந்தக் கோபம் எனக்கு விளங்குது. ஆனால் கல்லைச் சுமந்தது யார்? நெடுந்தீவுக் கோட்டைச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. முழுக்க முருகைக்கல், இந்த மண்ணின் கல். கட்டச் சொன்னவனின் பேர் எங்கேயாவது எழுதியிருக்கும். சுமந்தவனுக்கு அந்தச் சுவரைத் தவிர வேற சாட்சி இல்லை. கோட்டை விழுந்தால் அவனும் சேர்ந்துதான் விழுவான்.

ஆம்ஸ்டர்டாமிடம் கற்க ஒன்று உண்டு என்றால் அது வெள்ளையடித்துப் பராமரிப்பது மட்டுமல்ல. அந்தக் கட்டடங்கள் யாருடைய உழைப்பில், யாருடைய துயரத்தில் எழுந்தன என்ற வாக்குவாதத்தையும் அங்கே உயிரோடு வைத்திருக்கிறார்கள். அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக அதன் மேயர் 2021 ஜூலை 1ஆம் திகதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கட்டடம் நின்றபடியால்தான் அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது.

எங்கட பக்கம் அந்தக் கேள்வியையே இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போற ஆக்கள் கோட்டை, பெருக்க மரம், புறாக்கூடு, குதிரை எண்டு நாலு படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில திரும்புகினம். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வந்த சனத்தை வெட்டிக் கொன்றது இதே கடலில்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? வளவுக்கு வளவு சாந்தில்லாமல் முருகைக்கல் அடுக்கிக் கட்டின வேலியும் ஒரு கட்டடக்கலை எண்டு யார் சொல்வது? புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற நாற்சார் வீடுகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கால்வாய்க் கரை வீடுகள் நானூறு வருசம் நிக்குது எண்டால் முக்கிய காரணம், அதுக்குள்ள ஆக்கள் குடியிருக்கினம். எங்கட வீடுகளுக்குக் கறையானும் ஆலங்கன்றும்தான் குடி.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைகளில் கட்டுவித்தவரோடு கட்டினவரையும் சொல்லும் பலகை ஒன்று, முதல் மொழி தமிழாக. கடற்கோட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருசத்தில ஒருக்கா காசில்லாமல் போய்ப் பார்க்க ஒரு நாள். விழுந்த முருகைக்கல் வேலியைச் சீமெந்துக் கல்லால மாத்த முதல், அடுக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, பக்கத்தில ரெண்டு பெடியளை நிப்பாட்டிப் பழக்குங்கோ.

வெளிநாட்டில இருக்கிற அண்ணாமார், அக்காமாருக்கு ஒண்டு. பிள்ளைகளை டாம் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அந்தப் பளிங்கு வரைபடத்தில இலங்கை எங்க எண்டு தேடச் சொல்லுங்கோ. ஊருக்கு வரேக்க ஊர்காவற்றுறைக் கரையில ஒரு மணித்தியாலம் நிண்டு, இடிஞ்சு கிடக்கிற கோட்டையையும் காட்டுங்கோ. இது எப்பிடி இப்பிடிப் போச்சு எண்டு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரிஞ்ச ஆக்களாய் நாங்கள் இருக்கவேணும்.