அசல் என்றொரு வியாபாரச் சொல்

பழம்பொருள் வணிகத்தில் ‘அசல்’ என்பதைப் போல் விலைபோகும் சொல் பிறிதொன்று இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்குத் தூண் வாங்கப் போனாலும் சரி, நம் கேளம்பாக்கம், கோவளம் பக்கத்துப் பண்ணை வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் பியூக்கையோ செவர்லேயையோ விலை கேட்டாலும் சரி, விற்பவர் முதலில் உச்சரிப்பது இச்சொல்லைத்தான். (உப்பளங்களால் பேர்பெற்ற ஊரில், உப்புக் காற்று வீசும் வெளியில், குரோமியப் பூச்சைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்களின் துணிவு தனியே வியக்கத்தக்கது.)

அண்மையில் நம் கைக்கு எட்டிய விற்பனைக் குறிப்பு ஒன்று, 1940களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த பிளைமவுத் ஒன்றைச் சேகரிப்பாளர்களுக்கு அறிமுகம் செய்திருந்தது. இருக்கைத் தோல் மாற்றப்பட்டதும், வண்ணம் அந்தக் காலத்து வண்ணமே என்பதும், முகப்பு விளக்கு வளையங்கள் பாலிஷ் ஏற்றப்பட்டதும் அதில் விரிவாகக் கூறப்பட்டிருந்தன. இடையில் யாரோ பொருத்திய டீசல் எஞ்சின் நீக்கப்பட்டு, அமெரிக்காவிலிருந்து அதே மாதிரி பெட்ரோல் எஞ்சின் வரவழைத்துப் பூட்டப்பட்டது என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்திருந்தது. எனவே கார் அசல் நிலைக்குத் திரும்பிவிட்டதாம்.

எண்ணிப் பாருங்கள். எங்கோ வேறொரு காரில் ஓடி ஓய்ந்து, நம் நாட்டுச் சாலையில் ஒருநாளும் உருளாத எஞ்சின் அசல். இந்தக் காரையே பல்லாண்டுகள் இழுத்துச் சென்ற எஞ்சின் போலி. இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டுதான் இலட்சங்கள் கைமாறுகின்றன. அந்த ‘யாரோ’ யார் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இந்தியாவில் ஓடிய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அரசர்களையும் நடிகர்களையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இந்தூர் ஹோல்கர் மன்னருக்காக உடல் கட்டப்பட்ட டூசன்பர்க் காரின் கதை ஆயிரம் முறை சொல்லப்பட்டாயிற்று. அது கடல்கடந்து அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடமே போய்ச் சேர்ந்தது என்பதும் சொல்லப்பட்டாயிற்று. ஆனால் அமெரிக்கக் கார் இந்நாட்டில் பரவியது அரண்மனை வழியாக அன்று. ஃபோர்டு நிறுவனம், பேரரசின் நாடுகளுக்கு விற்கும் உரிமையைத் தன் கனடாக் கிளையிடம் ஒப்படைத்திருந்தது. அக்கிளையின் வழியே 1926இல் இங்கே நிறுவனம் அமைத்துத் துறைமுக நகரங்களில் கார்களைப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் கூடம் திறந்தது. தெற்கே டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் போன்றவை செவர்லேயை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. பண்ணையார், வழக்கறிஞர், டாக்டர், செட்டிநாட்டு வணிகர் என்று வாங்கியோர் பலர்.

பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட்டன. உள்நாட்டில் உதிரிகளைச் செய்யும் திட்டம் உள்ளவர்களே நீடிக்கலாம் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. 1954இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. (ஃபோர்டு இரண்டாம் முறையும் வந்து, மறைமலைநகரில் கார் செய்து, 2022இல் அங்கே கார் செய்வதை நிறுத்தியதை நம் பகுதியில் அறியாதார் இலர்.) பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களைச் சில காலம் பூட்டியது. 1957ஐ ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப்பின் வெளிநாட்டுக் கார் வருவது ஏறத்தாழ நின்றே போயிற்று. தூதரகத்தார் விட்டுச் சென்றவற்றை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விட, வசதியுள்ளோர் எடுத்தனர். நடிகர்களின் இம்பாலாக் கதைகள் பலவற்றின் வேர் அங்கேதான்.

நிற்க. கார் வருவது நின்றால் உதிரியும் வராது. ஆறு சிலிண்டரும் எட்டு சிலிண்டரும் பூண்ட அந்தப் பெருவண்டிகள் பெட்ரோலைக் குடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்கச் சாதாரணர் எவராலும் இயலாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகோ கேட்கவே வேண்டாம். அப்படியிருக்க, அக்கார்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எப்படி ஓடிக்கொண்டிருந்தன?

பட்டறை ஓட்டிற்று என்பதே விடை. சென்னை சிம்சன் நிறுவனம் ஐம்பதுகளில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போக, அவ்வெஞ்சினை அமெரிக்கக் காரின் நீண்ட மூக்குக்குள் இறக்கலாம் என்று கண்டவன் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவனல்லன். எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெட்டி இடம் மாற்ற வேண்டும். புதிய எஞ்சினுக்கும் பழைய கியர்பெட்டிக்கும் இடையே பொருந்தும் தகட்டை லேத்தில் கடைய வேண்டும். டீசலின் எடைக்கும் அதிர்வுக்கும் முன்வில்லைத் திடப்படுத்த வேண்டும். ரேடியேட்டரை மாற்றிக் கட்ட வேண்டும். வரைபடம் ஏதுமின்றி, கண்ணளவாலும் கையளவாலும் இவை செய்யப்பட்டன. அங்ஙனம் மாற்றிய பிளைமவுத்தும் டாட்ஜும்தான் வாடகைக் காராகித் திருப்பதிக்கும் உதகைக்கும் குடும்பம் குடும்பமாக மனிதரை ஏற்றிச் சென்றன. அவற்றின் முன்னோடிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு வந்தபோது, பின்புறத்தில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின நம் மோட்டார்கள். அக்கருவியைச் செய்து கொடுத்தவர்களுள் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் உண்டு.

இவையெல்லாம் சேகரிப்பாளரின் கண்ணுக்குக் களங்கங்கள். நீக்கிய பெர்கின்ஸ் எஞ்சின் என்னவாயிற்று என்று அந்தக் குறிப்பைத் தந்தவரிடம் கேட்டோம். இரும்பு விலைக்கு எடை போட்டதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் வருத்தமோ தயக்கமோ இல்லை. குப்பையை அகற்றிய நிறைவே இருந்தது.

தமிழ் படித்த நமக்கு இவ்விடத்தில் ‘இடைச்செருகல்’ என்ற சொல் நினைவுக்கு வராமல் இராது. நூலில் பிற்காலத்தார் நுழைத்தவற்றை இனங்கண்டு விலக்குவது பதிப்பாசிரியர் கடனன்றோ, காரில் மட்டும் அது குற்றமாகுமோ என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். நல்ல கேள்வி. பதிப்பாசிரியர் என்ன செய்கிறார்? ஐயத்துக்குரிய பகுதியைத் தனியே காட்டுகிறார். பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் அச்சிடுகிறார். உ.வே. சாமிநாதையர் பதிப்புகளைப் புரட்டியவர்க்கு அவ்வடிக்குறிப்புகளின் செழுமை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் அச்சேறியபின் அவர் சுவடியை எரிப்பதில்லை. அவர் திரட்டிய சுவடிகள் பெசன்ட் நகரில் அவர் பெயரிலமைந்த நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் முடிவை மறுக்க விரும்பும் மாணவன் சுவடியைப் பார்த்தே மறுக்கலாம். காரில் சுவடியும் பதிப்பும் ஒன்றே. ‘அசல்’ நிலைக்கு மீட்கிறேன் என்று அறுத்தெறிந்தபின், மறுப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

சட்டமும் வணிகத்துக்குத் துணை நிற்கிறது என்பதே நம் பெரிய மனக்குறை. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டி, ‘விஏ’ என்ற எழுத்துகள் தாங்கிய எண்பலகை, புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இவை குறித்து நமக்குப் புகாரில்லை. ஆனால் வண்டி முதல்வடிவிலேயே இருக்க வேண்டும், சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது என்பதும் விதி. 1965இல் ஒருவர் தம் டாட்ஜில் டீசல் எஞ்சினை இறக்கினார் என்று கொள்வோம். அந்த மாற்றத்துக்கே இன்று அறுபது வயது. மாற்றமே வின்டேஜ் வயதைக் கடந்துவிட்ட பின்னும், அதைப் பிடுங்கினால்தான் வண்டிக்கு மரியாதை என்பது எவ்வகை நீதி?

இறக்குமதி விதி இன்னொரு வேடிக்கை. 1950க்கு முன் உருவானவற்றையே உரிமமின்றிக் கொண்டுவரலாம் என்றிருந்தது 2025இல் தளர்த்தப்பட்டு, ஐம்பது வயது நிறைந்த எதையும் கொண்டுவரலாம் என்றாயிற்று. வரி கட்ட வல்லவர்கள் இனி கலிஃபோர்னியாவில் வெயில் காய்ந்த கேடிலாக்கை நேரே வரவழைக்கலாம். வரட்டும், நமக்கென்ன. நம் மண்ணில் உழைத்த கார் அதன் அருகில் நிற்கையில் தாழ்ந்த சாதிபோல் நடத்தப்படும் என்பதுதான் உறுத்துகிறது. ஆம், இந்த ஒப்புமையைத் தெரிந்தே இடுகிறோம். கலப்பற்ற பிறப்புக்கு விலை கூட்டும் மனம் எங்கே பயின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சேகரிப்பாளர் இல்லாவிடில் இக்கார்கள் புதுப்பேட்டையில் துண்டு துண்டாகப் போயிருக்கும் என்பார்கள். மறுக்கவில்லை. கோவையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகமும், வடபழனியில் 2023இல் திறந்த ஏவிஎம் அருங்காட்சியகமும் தனியார் ஆர்வத்தின் விளைவுகளே. அவற்றைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் நாமும் உண்டு. ஆயின் காப்பாற்றியவர் என்பதாலேயே எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கேள்விக்கிடமின்றி முடிவுசெய்யும் உரிமை ஒருவர்க்கு வந்துவிடுமா? புதுப்பேட்டைக்காரன் குறைந்தபட்சம் எஞ்சினை எஞ்சினாக விற்பான். இன்னொரு வண்டியில் அது மறுபடியும் ஓடும்.

உலகமும் இப்போது வேறு விதமாகச் சிந்திக்கிறது. பழைய வாகன அமைப்புகளின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், புதுக்கிப் பளபளப்பாக்குவதைவிட இருப்பதைப் பேணுவதையே முதன்மையாகச் சொல்கிறது. வண்டி தன் உழைப்புக் காலத்தில் ஏற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்று கொள்கிறது. ஹவானாவைப் பாருங்கள். கூபாவில் ஐம்பதுகளின் செவர்லேக்கள் சோவியத் நாட்டு எஞ்சின்களோடு ஓடுவதைக் காண உலகம் காசு கொடுத்துப் பயணம் போகிறது. கூபாக்காரன் செய்தால் கலை, குரோம்பேட்டைக்காரன் செய்தால் களங்கமா?

மொழியிலிருந்தும் ஒரு சான்று. நம் கிராமங்களில் காருக்கு நெடுநாள் வழங்கிய பெயர் ‘பிளசர்’. லாரி, பஸ் அல்லாத இன்பப் பயண வண்டி என்பதற்கு ஆங்கிலத்தார் வைத்த பெயரை நம்மவர் பாதியாக நறுக்கி எடுத்துக்கொண்டனர். பிறகு தனித்தமிழ் அன்பர்கள் ‘மகிழுந்து’ என்றார்கள். அம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? பிளசரின் நிழல் அதில் விழுந்திருப்பதை எவரும் காணலாம். தனித்தமிழின் தந்தை பெயரைத் தாங்கிய மறைமலைநகரில் அமெரிக்க நிறுவனம் மகிழுந்து செய்தது வரலாற்றின் குறும்பு. சொல் இப்படித்தான் வாழ்கிறது, ஒட்டியும் வெட்டியும். ‘ஓவராயில்’, ‘செல்ப் எடுக்கவில்லை’, ‘போர் அடித்தல்’, ‘ஸ்டெப்னி’, ‘டிங்கரிங்’, ‘பட்டி பார்த்தல்’ என்ற பட்டறைத் தமிழை அகராதிக்காரர் எவரும் முறையாகத் தொகுத்ததாக நாமறியோம். ஸ்டெப்னி பிரித்தானியரின் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்து நம் டிக்கிக்குள் உயிரோடு கிடக்கிறது. எம்.ஏ. மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக்கு அலையும்போது நாம் பட்டறைப் பக்கம் கைகாட்டுகிறோம். இதுவரை போனவர் இருவர்தான்.

இனி விற்பனைக் குறிப்புக்கு வருவோம். அவற்றில் பெயர்கள் உண்டு. எந்த ஜமீனின் கார், எந்த நடிகர் ஏறிய கார் என்பது தடித்த எழுத்தில் வரும்; பெயருக்கே தனி விலை. ஏறியவர் பெயருக்கு மதிப்புண்டென்றால், அதை ஓடவைத்தவர் பெயருக்கு ஏன் இல்லை? ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் மாறிய பதிவு இருக்கும். எரிபொருள் மாறிய பதிவு இருக்கும். பழைய உரிமையாளர் வீட்டு மேசையறையில் பட்டறைச் சீட்டுகள் கிடக்கும். கார் கைமாறும்போது இக்காகிதங்கள் முதலில் தொலைகின்றன. அல்லது, அசல் என்ற பேச்சுக்கு இடைஞ்சல் என்று தொலைக்கப்படுகின்றன.

வாங்குவோரிடம் நாம் கேட்பது அதிகமன்று. நீக்கும் எஞ்சினை எடைக்குப் போடாமல் காரோடு சேர்த்து வாங்குங்கள். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எவர் கை என்று விசாரித்து, விற்பவரைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் எழுபது, எண்பது வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வண்டியின் பெயரைச் சொன்னாலே எந்தப் போல்ட்டு எத்தனை நூல் என்று சொல்லக்கூடியவர்கள். போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்பது இன்னும் சிறியது: எஞ்சின் மாற்றமே ஐம்பது ஆண்டு கடந்தது என்று ஆர்.சி. புத்தகம் காட்டுமாயின், அந்த வண்டியையும் முதல்வடிவில் உள்ளதாகவே கொள்ளலாம் என்று அவ்விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.