செலவு குறைந்ததா, தோள் மாறியதா?

அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. வரியைக் கூட்டாதே என்பது ஒன்று. செலவைக் குறை என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமாகவே ஒலிக்கின்றன. ஆனால் தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நாம் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். குறைத்ததாகச் சொல்லப்படும் செலவு மெய்யாகவே குறைந்ததா, அல்லது அரசாங்கத்தின் தோளிலிருந்து நம் தோளுக்கு மாறியதா?

இதற்கு உதாரணம் தேடித் தொலைவில் போக வேண்டியதில்லை. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சு இறுதியில் அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. மாநிலத்தின் நிதி நெருக்கடியும் சிக்கனமும் பெரிதாகப் பேசப்பட்ட காலம் அது. இணைப்புக்குக் கூறப்பட்ட காரணம் எதுவாயினும், ஒரு மாவட்டத் தலைமையகத்தின் செலவு ஏட்டில் மிச்சமாயிற்று. ஆனால் ஜெயங்கொண்டம் பக்கத்துக் குடியானவர் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதற்கு அரியலூரையும் தாண்டிப் பெரம்பலூர் வரை போக நேர்ந்தது. அவருடைய பஸ் கட்டணமும், இழந்த ஒரு நாள் கூலியும், மத்தியானச் சாப்பாட்டுச் செலவும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை. 2007 நவம்பர் 23-ஆம் நாள் அரியலூர் மறுபடியும் மாவட்டமான பிறகே அந்தச் செலவு நின்றது.

வரி என்றாலே தீங்கு என்று கருதுவதும் பொருந்தாது. 1953-ஆம் ஆண்டில் மில் துணியின் மீது கெஜத்துக்கு 3 தம்பிடி, அதாவது கால் அணா, கூடுதல் தீர்வை விதித்துச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு சேர்ந்த நிதி கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கப்பட்டது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு மூலதனக் கடனும், நடைமுறை மூலதனமும், விற்பனைத் தள்ளுபடியும் அந்நிதியிலிருந்து கிடைத்தன. தாங்கக் கூடியவரிடம் சிறிது வாங்கி, தாங்க இயலாதவருக்குக் கொடுத்த வரி அது. எவரிடம் வாங்கப்படுகிறது, எவரிடம் போய்ச் சேருகிறது என்பது தெளிவாகத் தெரிந்த வரியை நம் முன்னோர் வெறுக்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பருத்தி நூலுக்கு 5 சதவிகிதம், துணிக்கு 5 சதவிகிதம் என்று விதிக்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் துணியின் மீதான வரியை 12 சதவிகிதமாக உயர்த்த 2021-இல் ஏற்பாடாயிற்று. செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு 12, துணிக்கு 5 என்று தலைகீழாக நின்ற விகிதங்களைச் சீர்செய்வதே நோக்கம் என்றார்கள். நோய் செயற்கை இழையில். மருந்தோ பருத்தித் தறிக்கும் சேர்த்துப் புகட்டப்பட இருந்தது. 1,000 ரூபாய்ச் சேலைக்கு 50 ரூபாயாக இருந்த வரி 120 ரூபாயாகியிருக்கும். அந்த 70 ரூபாயை வாங்குபவர் கொடுக்கத் தயங்கினால், அது கடைசியில் நெசவாளியின் கூலியில்தான் வந்து விடியும். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தமையால் 2021 டிசம்பர் 31 அன்று அந்த உயர்வு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கும் அதன் நூலுக்கும் வரி 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. கூட்டாமலே சீர்செய்ய வழி இருந்தது என்பது இதனால் விளங்கவில்லையா?

செலவுக் குறைப்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம், 2020 ஜூலை 27 அன்று கலைக்கப்பட்டது. தேசியக் கைத்தறி தினமான ஆகஸ்டு 7-க்கு அப்போது பதினொரு நாட்களே இருந்தன. வாரியம் பிற்காலத்தில் ஆலோசனை கூறும் சபையாகவே இருந்தது என்பதையும், அதனால் பெருஞ்செலவு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் இழந்தது பணத்தையன்று. டெல்லியில் நம் குறையை எடுத்துச் சொல்ல இருந்த ஓர் இடத்தை இழந்தோம். இப்போது அதே குறையைச் சொல்ல ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே அலைய வேண்டியிருக்கிறது.

வரிக் குறைப்பும் சில சமயம் இவ்வாறே தோள் மாற்றுகிறது. 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு ஏற்பட்ட 11 சதவிகிதத் தீர்வை, 2025 ஆகஸ்டு 19 முதல் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை விலக்கப்பட்டது. அமெரிக்கா விதித்த 50 சதவிகிதச் சுங்கத்தால் தவித்த ஜவுளித் தொழிலுக்கு இது உதவி. நூல் விலை இறங்கினால் நம் நெசவாளருக்கும் நன்மையே. ஆனால் நம் கரிசல் மண்ணில் பருத்தி விதைக்கும் பருவத்தில் அல்லவா வெளிநாட்டுப் பருத்திக்குக் கதவு திறந்தது! அரசாங்கம் விட்டுக்கொடுத்த தீர்வையும் ஒரு செலவே. அதன் சுமை விலை இறங்கும் என்ற அச்சமாகப் பெரம்பலூர் விவசாயியின் தலையில் ஏறியது.

இங்கேதான் நம் சங்கத்தில் பிளவு உண்டாகக் கூடும். தீர்வை வேண்டாம் என்பார் நெசவாளர். வேண்டும் என்பார் விவசாயி. இருவரும் ஒருவரையொருவர் பழிப்பதில் பயனில்லை. நூல் மலிவாக இருக்க வேண்டுமென்று தீர்வையை நீக்கும் அரசாங்கம், அதே ஆணையோடு பருத்திக் கொள்முதலுக்கும் பணம் ஒதுக்கட்டும். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாயும் நீண்ட இழைக்கு 8,110 ரூபாயும் ஆதார விலையாக அறிவிக்கப்பட்டன. கொள்முதல் நிலையம் அருகில் இல்லாதவனுக்கு அந்த விலை காகிதத்தில் மட்டுமே கிடைக்கும்.

சிக்கனமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வீண் ஆடம்பரத்தைக் குறைக்கட்டும். நம் சங்கத்தின் கணக்கிலும் அதையே செய்வோம். ஆயினும் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நெசவாளரும் விவசாயிகளும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு மூன்று கோரிக்கைகளை அனுப்பலாம். நூலுக்கும் துணிக்கும் வரி 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கொள்முதல் ஏற்பாடின்றிப் பருத்தித் தீர்வையை நீக்கக் கூடாது. எந்த அலுவலகத்தையோ திட்டத்தையோ நிறுத்துமுன், அந்தச் செலவை இனி யார் சுமக்கப் போகிறார் என்று சங்கங்களைக் கேட்க வேண்டும்.

இருவரும் தனித்தனியே எழுதினால், ஒருவர் மனுவைக் காட்டி மற்றவர் மனுவைத் தள்ளுவது எளிது. சேர்ந்து எழுதினால் அது முடியாது.