பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பிறகு

பஞ்சாபில் நெல் அறுவடை முடிந்து கோதுமை விதைக்க விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம்தான். அறுவடை இயந்திரம் போன வயலில் ஓரடி உயரத்துக்குத் தாள் நிற்கிறது. இடையில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கொட்டிக் கிடக்கிறது. கூலி கொடுத்து அப்புறப்படுத்தப் பணமும் இல்லை, நாளும் இல்லை. தீ வைத்துவிடுகிறார்கள். நவம்பரில் டெல்லியை மூச்சுத் திணறவைக்கும் காரணங்களில் அந்தப் புகையும் ஒன்று.

இந்த நெருக்கடியில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது. கடும் கோடையில் போர்வெல் தண்ணீரை இறைத்து நடுவதைத் தடுத்து, நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளிவைப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். காற்று அசையாமல் குளிர் இறங்கும் நாட்களில் தாள் எரிப்பு குவிந்தது. தண்ணீரைக் காக்க எழுதிய சட்டம் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கண்காணிப்பு வந்தது. சுவோமி என்பிபி போன்ற செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் அப்பகுதியைக் கடக்கும்போது தீ எரியும் இடங்களைப் பதிவுசெய்கின்றன. அந்தத் தகவலோடு அதிகாரிகள் வயலுக்குப் போகிறார்கள். அபராதம் விதிக்கிறார்கள், நில ஆவணத்தில் சிவப்புக் குறிப்பு எழுதுகிறார்கள். 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பானது: ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாய்.

எண்கள் சரிந்தன. பஞ்சாபில் 2021இல் 71,304 தீச்சம்பவங்கள், 2023இல் 36,663, 2024இல் 10,909. அரசு இதைச் சாதனை என்றது. ஆனால், 2024 அக்டோபரில் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜெத்வா வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் தென்கொரியச் செயற்கைக்கோளின் படங்களில், மாலை நெருங்க நெருங்கப் புகை அடர்ந்து தெரிந்தது. கண்காணிக்கும் செயற்கைக்கோள் கடந்து போன பிறகு வயல்கள் கொளுத்தப்படுகின்றன என்பது அவருடைய கணிப்பு. எரிப்பு குறைந்திருக்கலாம், அரசு எண்கள் காட்டும் அளவுக்குக் குறைந்தது என்று நம்புவதற்கில்லை. எரியும் தீயை எண்ணுவதை விட்டு, கருகிய நிலப்பரப்பை அளப்பதே நேர்மையான கணக்கு.

அபராதத்துக்கு அஞ்சி நேரத்தை மாற்றிக்கொள்ளும் விவசாயியைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டிய அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஹேப்பி சீடர்’, நிற்கும் தாளை நறுக்கிக்கொண்டே கோதுமை விதையை மண்ணில் இறக்குகிறது. நறுக்கிய தாள் மூடாக்காகப் படிந்து ஈரத்தைக் காக்கிறது, களையை அடக்குகிறது. ஆனால், அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். வருடத்தில் சில வாரங்கள்தான் அதற்கு வேலை. தனி விவசாயிக்குப் பாதி மானியம் கொடுத்தாலும் கட்டுப்படியாகாது. வாடகைக்கு இயந்திரம் பதிவுசெய்யச் செயலியும் வந்திருக்கிறது. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் கேட்டால், செயலி எந்த இயந்திரத்தைக் காட்டும்?

இதைவிட எளிய வழி விதையில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் பிஆர் 126 ரகம், நீண்ட காலப் பயிரான பூசா 44ஐவிட ஒரு மாதத்துக்கும் மேல் முந்தி அறுவடைக்கு வருகிறது. தண்ணீரும் மிச்சம், கோதுமைக்கு அவகாசமும் மிச்சம். பலர் அதற்கு மாறினார்கள். 2024இல் அரிசி ஆலைக்காரர்கள், அரசு விதித்தபடி 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி இதில் கிடைப்பதில்லை என்று கொள்முதல் நெல்லை அரைக்கத் தயங்கினார்கள். சொன்னதைக் கேட்டு ரகத்தை மாற்றிய விவசாயி மண்டியில் காத்துக் கிடந்தார். மே மாதம் நாற்றங்கால் போடும் முன்பே ஆலைச் சோதனை முடிவுகளை ரகவாரியாக அறிவித்து, குறையும் அரிசிக்கான இழப்பை அரசே ஏற்க வேண்டும்.