சாதிவெறியருக்கு அரசே அனுப்பும் அழைப்பிதழ்

அடையாறிலும் மயிலாப்பூரிலும் தனியுரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் செல்போனோடு முடிந்துவிடுகிறது. எந்தச் செயலி நம் போட்டோக்களைப் பார்க்கிறது, யார் நம் நம்பரை விற்றார்கள் என்பதுதான் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் தன் முகவரி வெளியே தெரிந்தால் உயிரே போகும் என்ற நிலையில் இருப்பவர்களைப் பற்றி இந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் இல்லை.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954ஐ எடுத்துக்கொள்வோம். இதன்படி மணம் செய்ய விரும்புவோர் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாவற்றையும் எழுதி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதிகாரி அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். இதைவிடக் கொடுமை 6ஆம் பிரிவில் இருக்கிறது. ஊரின் பிடியிலிருந்து தப்பி வந்து தி.நகர் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்பட வேண்டும். எந்த ஊரிலிருந்து ஓடி வந்தாளோ, அந்த ஊருக்கே அரசு தகவல் சொல்கிறது!

1954இல் அது சுவரில் ஒரு காகிதம். இன்று பத்திரம் பதிய வந்த ஒருவர் செல்போனில் படம் எடுத்தால் போதும், அடுத்த நிமிடம் சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். இது வெறும் கற்பனை பயமல்ல. கேரளப் பதிவுத்துறை இந்த நோட்டீஸ்களை இணையத்தில் ஏற்றிவந்தது. மதவெறியர்கள் அவற்றை எடுத்துப் பரப்பியதால் 2020இல் அதை நிறுத்த வேண்டி வந்தது.

சென்னைக்கு வந்துவிட்டால் பாதுகாப்பு என்பதும் பொய். 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். நோட்டீஸ் இல்லாமலே தேடி வந்து வெட்டுகிறார்கள். அவர்களுக்கு அரசு வேறு முகவரி எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

மோசடியையும் இருதார மணத்தையும் தடுக்கத்தான் நோட்டீஸ் என்பார்கள். அப்படியானால் மயிலாப்பூர் மண்டபங்களில் சொந்தச் சாதிக்குள் நடக்கும் இந்துத் திருமணங்களுக்கு ஏன் இந்த 30 நாள் இல்லை? இருதார மணம் எப்படியும் குற்றம்தான். சாதிக்குள் மணந்தால் நம்பிக்கை, சாதியையும் மதத்தையும் தாண்டினால் சந்தேகம். சட்டத்தின் கண்ணிலேயே சாதி இருக்கிறது.

சுயமரியாதைத் திருமணம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அண்ணா ஆட்சியின் திருத்தத்தால் அது சட்டமானது. அதைப் பொதுவில் அறிவித்துச் செய்யத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அது இரண்டு இந்துக்களுக்கு மட்டும். தலித் கிறித்தவர் ஒருவர் ஆதிக்கச் சாதி இந்துப் பெண்ணை, யாரும் மதம் மாறாமல், சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணக்க வேண்டுமென்றால் நோட்டீஸ் ஒட்டப்பட வேண்டும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். அது தனிமனிதரின் உரிமை, குடும்பத்தின் உரிமை அல்ல. 'இது எங்க வீட்டு விவகாரம், வெளியாள் தலையிடாதீங்க' என்று பெண்ணைப் பூட்டி வைப்பவரும் தனியுரிமைதான் பேசுகிறார். அந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைய வேண்டும். அந்தப் பெண்ணின் முகவரிக்குள் யாரும் நுழையக் கூடாது. இந்த வேறுபாடு புரியாதவர் பேசும் தனியுரிமை, சாதிக்குத்தான் திரை கட்டும்.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியிலேயே, மணமக்கள் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேசத்து நீதிமன்றம் சொன்னதைப் பெரியார் மண்ணின் அரசு சொல்லத் தயங்குவது ஏன்? திருமணச் சட்டம் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. 1967இல் திருத்தம் செய்த சட்டமன்றம் இன்றும் செய்யலாம். ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும் நாம், கொலைக்குப் பிறகான தண்டனையை மட்டும் கேட்டால் போதாது. சுவரில் ஒட்டும் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவும் சேர்த்துக் கேட்போம்.