வாடியது செடி; வசவு பிள்ளைக்கா?



வெயில் காலம் வந்துவிட்டால் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஒரு சடங்கு தவறாமல் நடைபெறுகின்றது. போட்டிக்காகவோ, வருகை தரவிருக்கும் அதிகாரியின் கண்ணுக்காகவோ அவசர அவசரமாக நட்டு வைத்த காய்கறிச் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கருகும். மறுநாள் சபைகூடலில் ஒலிபெருக்கி முழங்கும். "இந்த வாரம் தண்ணீர் ஊற்றும் முறை யாருடையது?" ஒரு பிள்ளை தலைகுனிந்து நிற்கும். அதோடு விசாரணை முடிந்தது, தீர்ப்பும் முடிந்தது!

இதை நான் கண்டிக்கின்றேன். கண்டிக்கும் தகுதி எனக்கு உண்டா என்றால், அரைகுறையாகத்தான் உண்டு. ஏனெனில் நானும் அவ்வாறு கடிந்துகொண்டவள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அப்போது பணியாற்றிய ஒரு பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் முன்னே அழுதான். "டீச்சர், நான் தெனமும் ஊத்துனேன் டீச்சர்." நான் நம்பவில்லை. மறுநாள் ஓய்வு நேரத்தில் அவனறியாமல் பின்னால் சென்று நின்றேன். அவன் பொய் சொல்லவில்லை. குழாயைத் திறந்து ஒவ்வொரு பைக்கும் ஒழுங்காகத்தான் ஊற்றினான். நீரில் கை வைத்துப் பார்த்தேன். தேநீர் கலக்கலாம் போலிருந்தது. வெயிலில் கிடந்த நெகிழிக் குழாயில் காலையிலிருந்து காய்ந்த நீர் அது. பையைத் தொட்டேன், கை வைத்திருக்க முடியவில்லை. கறுப்புப் பை, அதன் கீழே சிமெண்டுத் தரை, மேலே மறைப்பே இல்லாத வெயில். பாவம், அந்தப் பிள்ளை நாள்தோறும் வெந்நீர் வார்த்திருக்கின்றான்!

கறுப்புப் பையை வாங்கியவர் யார்? சிமெண்டில் வரிசையாக அடுக்கச் சொன்னவர் யார்? ஓய்வு நேரத்தை நீர் ஊற்றும் நேரமாக அட்டவணையில் எழுதியவர் யார்? நாம்தாம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் எழுத எனக்கு நன்றாகவே கற்பித்தார்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்க்க நானாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. விரலின் இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் செடிக்குத் தாகமில்லை. நண்பகலில் வெண்டையின் இலை தொங்குகிறதென்று பதறி ஓடி நீர் ஊற்றுகின்றோமே, அது பெரும்பாலும் தாகமன்று. நமக்கு வியர்ப்பதுபோல் செடியும் இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. வெளியேறும் நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது இலை தளர்கின்றது. மாலையில் அது நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டா. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் அது நம்மைக் கேட்கின்றது.

ஆகவே நீரைக் காலை வகுப்பு மணிக்கு முன்பே ஊற்ற வேண்டும். இலைக்கன்று, வேருக்கு. மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் வேரும் மேலேயே படர்ந்து முதலில் காயும். பாத்தியில் உள்ளவற்றுக்கு ஆழமாக ஊற்றி ஓரிரு நாள் விடலாம். பையில் உள்ளவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை, கடும் வெயிலில் மாலையிலும் பார்க்க வேண்டும். இவ்விடத்தில் இன்னொன்று. வெயிலில் இலைமேல் விழும் நீர்த்துளி கண்ணாடி வில்லை போலாகி இலையைச் சுட்டுவிடும் என்று நம்மில் பலர் வகுப்பில் சொல்லி வருகின்றோம். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். வழவழப்பான இலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதே முடிவு. மெழுகுபூசினாற்போல் நீர் ஒட்டாத, மயிர் நிறைந்த இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்புண்டு. நண்பகலில் ஊற்றுவது வீண். ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்லக் கூடாது.

அடுத்து மூடாக்கு. எனக்குச் சினம் மிகுவது இங்கேதான். திடலில் புல் வெட்டுகின்றார்கள். வெட்டிய புல்லைக் குப்பைப் பையில் கட்டி வெளியே அனுப்புகின்றோம். பின்னர் அதே பள்ளியில் பாத்தி மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கின்றது! அந்தப் புல்லை இரண்டு நாள் காயவைத்து, விதை கட்டாததாகப் பார்த்து, நான்கு விரற்கடை உயரத்துக்குப் பாத்தியில் பரப்பினால் போதுமே. தண்டை ஒட்டாமல் சற்று விலக்கி இட வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும். என் மாணவர்கள் மூடிய மண்ணில் ஒரு வெப்பமானியும் மூடாத மண்ணில் ஒரு வெப்பமானியும் செருகி, எண்களைத் தாங்களே வெண்பலகையில் எழுதினார்கள். அன்று நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நிழல் வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிச் செடியின் தலைமேலேயே போர்த்திவிடுகின்றார்கள். அது வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். வலை உயரத்தில் இருக்க வேண்டும். பக்கங்கள் திறந்திருந்து காற்றோட வேண்டும். கீரைக்கும் நாற்றுக்கும் முப்பது முதல் ஐம்பது விழுக்காடு மறைப்பு போதும். எழுபது விழுக்காட்டு வலையின் கீழே வெண்டையையும் கத்தரியையும் வைத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், காய்தான் இராது. செலவே வேண்டாம் என்போர் மேற்குப் பக்கம் பந்தல் கட்டிப் பயற்றங்காயை ஏற்றட்டும். பிற்பகல் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். அதன் நிழலில் கீரை வளரும்.

சுவரில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்துத் தக்காளியும் முட்டைக்கோசும் நடுவோர் கேமரன் மலையை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அவை ஏன் அங்கே விளைகின்றன? இரவிலும் குளிராத தாழ்நிலத்தில் தக்காளி பூக்கும், பூ உதிரும். கங்கோங், தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, பாகல் ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை.

"நம் நாட்டு வெயிலே இப்படித்தான், என்ன செய்வது?" என்று கைவிரிப்போரிடம் ஒரு கேள்வி. 2016 மார்ச் மாதத்தில் வெப்பம் தாளாமல் பெர்லிஸ் மாநிலத்திலும் கெடா, பகாங் மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் 250க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். பெர்லிஸ் சுப்பிங்கில் 1998இலேயே 40.1 பாகை செல்சியசு பதிவானது. இவ்வளவும் தெரிந்த பிறகும் நிழல்மரத்தை வெட்டிவிட்டுக் கற்பலகை பதிக்கின்றோமே, ஏன்? இலை உதிர்ந்து வடிகால் அடைக்கிறதாம். கிளை முறிந்து பிள்ளைமேல் விழும் என்னும் அச்சம் நியாயமானது, மறுக்கவில்லை. அதற்குக் கிளையைக் கழிக்கலாமே. மரம் இருந்த இடத்தில் இப்போது செடிக்கும் நிழலில்லை, பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் நிழலில்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு சொல். "மண்வெட்டி பிடிக்கக் கூடாதென்றுதான் தோட்டத்தை விட்டு வந்தோம், பள்ளியில் அதையே கொடுக்கிறீர்களா?" என்று ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார். நான் உடனே விடை சொல்லவில்லை. இந்நாட்டில் நமக்குத் தோட்டம் என்றால் அது பிறர் தோட்டம், இரப்பரும் செம்பனையும். அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் அதே லயத்துக்குப் பின்னால் என் பாட்டி ஒரு சிறு நிலத்தில் தமக்கென்று வைத்திருந்த முருங்கையும் பாகல் பந்தலும் எவருடைய கூலிக்கும் உரியவை அல்ல. பாத்திரம் கழுவிய நீரை மாலையில் எந்தச் செடிக்கு ஊற்றுவது, எதற்குத் தென்னை மட்டையைச் சாய்த்து நிழல் கொடுப்பது என்பதெல்லாம் பாட்டிக்கு அத்துபடி. தோட்டத்தை விட்டு வந்தபோது மண்வெட்டியோடு அந்த அறிவையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தோமே என்பதுதான் என் ஆதங்கம். அத்தந்தையாரிடம் பிறகு இதைச் சொன்னேன். அவர் உடன்படவில்லை. ஆயினும் அடுத்த சனிக்கிழமை இரண்டு கட்டு மூங்கில் கொண்டுவந்து பந்தலுக்கென்று இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

என் வகுப்பின் பைகளைச் சிமெண்டுத் தரையிலிருந்து கட்டடத்தின் கிழக்குப் பக்க மண்தரைக்கு மாற்றிவிட்டோம். பைகளின் வெளிப்புறத்தில் பழைய அரிசிச் சாக்கைச் சுற்றியிருக்கின்றோம். செடிகளுக்கு முன்னே 'பொறுப்பாளர்' என்றொரு பலகை வைப்பது வழக்கமல்லவா? இவ்வாண்டு அதில் மாணவர் பெயர்களுக்கு மேலே என் பெயரை எழுதியிருக்கின்றேன்.