அல்பத்தின் மேல் ஒரு பெயர்

அமெரிக்கப் பாடகி லோரின் ஹில் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் அணிவகுத்து நிற்கின்றன. 2024 மே மாதத்தில் அப்பிள் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த அல்பங்களின் பட்டியலில், அவருடைய ‘த மிஸ்எடியுகேஷன் ஒஃப் லோரின் ஹில்’ முதலிடம் பெற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில், அவருடைய அமெரிக்க இசைப்பயணம் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்தபோது இரத்தாயிற்று. போதாதா? இரு கட்சிகளுக்கும் வேண்டிய வெடிமருந்து ஒரே ஆண்டில் கிடைத்துவிட்டது.

முதலாவது கட்சியினர், அந்த அல்பம் அவர் செய்ததே அல்ல என்பார்கள். நான்கு இளைஞர்களின் உழைப்பைத் தம் பெயரில் போட்டுக்கொண்டார், அவர்கள் விலகியதும் கை வரண்டது, அதனால்தான் இரண்டாவது கலையக அல்பம் இன்றுவரை வரவில்லை என்பது இவர்களின் கண்டுபிடிப்பு. இரண்டாவது கட்சியினர் அந்த நால்வரின் பெயரைச் சொன்னாலே சீறுகிறார்கள். மேதையிடம் கூலிக்கு வேலை செய்தவர்கள் மேதையாக முடியுமா என்று கேட்கிறார்கள். இரு கட்சியாருடனும் எனக்கு வழக்குண்டு.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ‘ஃபியூஜீஸ்’ என்ற மூவர் குழுவில் பாடிப் புகழ்பெற்ற லோரின் ஹில், தமது முதலாவது தனி அல்பத்தை 1998 ஓகஸ்ட் 25ஆம் திகதி வெளியிட்டார். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த சோல் இசை, ஹிப்ஹொப், ஜமெய்க்காவின் றெகே ஆகிய மூன்றும் அதில் ஒன்றாய் இழைந்திருந்தன. ஒரு பகுதி கிங்ஸ்டனில் பொப் மார்லி நிறுவிய டஃப் கொங் கலையகத்தில் ஒலிப்பதிவானது. முதல் வாரத்தில் மட்டும் அமெரிக்காவில் 422,000 பிரதிகளுக்கு மேல் விற்றன.

நவம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அதே மாதத்தில், அல்பத்துக்காக அவரோடு உழைத்த வாடா நோபிள்ஸ், ரஷீம் பியூ, ஜொஹாரி நியூட்டன், டேஜுமோல்ட் நியூட்டன் ஆகிய நால்வர் நீதிமன்றம் சென்றனர். ‘நியூ ஆர்க்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இவர்கள், இரண்டு பாடல்களுக்குத் தாங்களே முதன்மைப் படைப்பாளிகள் என்றும், வேறு பலவற்றிலும் தங்களுக்குப் பெரும் பங்குண்டு என்றும் முறையிட்டனர். அவருடைய வெற்றியைக் கண்டு ஆதாயம் தேடுகிறார்கள் என்பது ஹில் தரப்பின் மறுமொழி.

1999 ஜனவரியில் டோக்கியோவின் புடோகான் அரங்கிலே அவருடைய முதலாவது தனி இசைப்பயணம் தொடங்கிற்று. வயது 23. கையிலே இரண்டு மாதக் குழந்தை. தலைக்கு மேலே வழக்கு. பெப்ரவரி 24ஆம் திகதி ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள். ஒரு பெண் ஓர் இரவில் ஐந்து பெற்றதும், ஹிப்ஹொப் அல்பமொன்று ஆண்டின் சிறந்த அல்பமானதும் அதுவே முதன்முறை. அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சிகளில் அவருக்கு முன்னர் மேடையேறிப் பாடியவர்கள் அவுட்காஸ்ட் இரட்டையர்.

அல்பத்தின் மேல் அச்சிடப்பட்டிருந்த வாசகத்திலேதான் வில்லங்கம் இருந்தது. தயாரித்தவர், எழுதியவர், இசை ஒழுங்கமைத்தவர், பாடியவர் எல்லாம் லோரின் ஹில் என்றது அது. வாசகர்கள் இதை வெறும் தற்பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. இசைத்தொழிலில் பெயர் என்பது பணம். கலையகத்துக்கு வந்து கித்தார் வாசித்துவிட்டுப் போகிறவருக்குப் பெரும்பாலும் அன்றைய ஊதியத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும். பாடலை எழுதியவர் என்று பதிவானவருக்கோ, ஒவ்வொரு பிரதி விற்கும்போதும், வானொலியில் ஒலிக்கும்போதும், வேறொருவர் அதை எடுத்துப் பாடும்போதும் பங்கு வந்துகொண்டேயிருக்கும். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான ‘வைர’ச் சான்றிதழை 2021இல் பெற்ற அல்பம் இது. ‘எழுதியவர்’ என்ற ஒரு சொல்லின் பெறுமதி என்னவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பிரின்ஸ் என்ற கலைஞரை நினைத்துப் பாருங்கள். 1978இல் வந்த அவருடைய முதலாவது அல்பத்திலும் ஏறத்தாழ இதே வாசகந்தான் இருந்தது. யாரும் வழக்குப் போடவில்லை. பையன் மேதை என்று உலகம் மெச்சியது. ஆனால் இரண்டு வேறுபாடுகளை மறைப்பது நேர்மையாகாது. பிரின்ஸ் அதில் வாத்தியங்களையெல்லாம் தாமே வாசித்தார். அப்படியிருந்தும் ஒரு பாட்டின் வரிகளில் கைகொடுத்த கிறிஸ் மூன் என்பவரின் பெயரை அப்பாட்டோடு சேர்த்தே போட்டார். எல்லாவற்றையும் தனியே செய்யக்கூடியவரே ஒரு பாட்டின் வரிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பலரைக் கூட்டி வைத்துச் செய்தவர் அதைவிடத் தாராளமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஹில்லின் பக்தர்கள் இதற்கு மறுமொழி சொல்லட்டும்.

அதற்காக மற்றக் கட்சியார் கைதட்ட வேண்டியதில்லை. அந்தப் பெண் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று அவர்கள் எப்போதாவது கேட்டதுண்டா? கொலம்பியா நிறுவனம் அல்பத்தின் தொடக்கத்திலேயே வெளியார் ஒருவரைத் தயாரிப்பாளராகக் கொண்டுவர எண்ணி, வூடாங் கிளான் குழுவின் றிஸாவுடன் பேச்சு நடத்தியது. தானே செய்வேன் என்று அவர் அடம்பிடித்துத்தான் அந்த அல்பம் பிறந்தது. பக்கத்தில் ஓர் ஆண் நின்றால், மூளை அவனுடையது, குரல் மட்டுமே அவளுடையது என்று தீர்ப்பெழுதும் உலகம் இது. நம்மவர் பெண் மாதங்கி அருள்பிரகாசம் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா? எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் அவர், தந்தையாரின் இயக்கப்பெயரையே தலைப்பாக்கி ‘அருளர்’ அல்பத்தை 2005இல் வெளியிட்டார். தம் உழைப்பையெல்லாம் பத்திரிகைகள் டிப்லோ என்ற ஆணின் கணக்கிலே எழுதுகின்றன என்று 2007இல் அவர் வெடித்தார். ஐஸ்லாந்தின் பியோர்க்கும் 2015இல் அதே குறையைச் சொன்னார். இத்தகைய உலகத்திலே 22 வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பெயர் போதும், அது என் பெயர் என்று நின்றமை எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் நியாயமாகிவிடாது என்பதும் விளங்குகிறது.

நால்வரே எல்லாவற்றையும் செய்தார்கள் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒலிப்பதிவுப் பொறியியலாளராய் அருகிருந்த கோர்டன் வில்லியம்ஸ், அந்த அல்பத்தை ஹில்லின் சொந்த நோக்கிலிருந்து வந்த படைப்பென்றே சொல்லியிருக்கிறார். பிறகு அந்த இசைப்பயணம் இருக்கிறது. ஓர் அல்பத்தை எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள் என்பதை உறைக்குள் ஒளிக்கலாம். மேடையில் ஒளிக்க முடியாது. வாத்தியகோஷ்டியும் பின்னணிப் பாடகர்களும் சபையின் கண்முன்னே நிற்கிறார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவே, கலையகத்தில் அடுக்கடுக்காய்ச் சேர்த்த பாடல்களை ஒவ்வோர் இரவும் ஒரே மூச்சில் பாடிக் கரையேற்றியது ஒரு தொண்டைதான். அது இரவல் தொண்டையல்ல. அந்த உழைப்புக்கு எந்த வழக்கிலும் பங்காளி கிடையாது.

பத்திரிகைத் தொழிலில் ஊறியவனுக்கு இந்தச் சண்டை புதிதுமல்ல. மாவட்ட நிருபர் வெயிலில் அலைந்து, தொலைபேசியில் கத்திக் கத்திச் செய்தி சொல்வார். தலைநகரிலே குளிரூட்டிய அறையில் இருப்பவர் அதைத் திருத்தி எழுதுவார். மறுநாள் முதற்பக்கத்தில் யாருடைய பெயர் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நிருபரே எழுதினார் என்பதும் பொய், திருத்தியவரே எழுதினார் என்பதும் பொய். இரண்டு பெயரையும் போட என்ன தடை? இடமில்லை என்பார்கள். விளம்பரத்துக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும்!

வழக்கு 2001 பெப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கமாக முடிந்தது. 50 இலட்சம் டொலர் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. பணம் கொடுத்தார், ஆகவே திருடினார் என்று முதற்கட்சியார் முடிவு கட்டுகிறார்கள். இணக்கம் என்பது தீர்ப்பல்ல என்பதைச் சட்டத்தரணி எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யார் எந்த வரியை எழுதினார் என்பதை எந்த நீதிபதியும் இதுவரை சொல்லவில்லை. வேலை தொடங்கிய நாளில் நான்கு பக்கத்துத் தாளில் பங்கை எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விடயம். அந்தத் தாளைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய பொறுப்பு, கோடிக்கணக்கில் இலாபம் கண்ட நிறுவனத்துக்கு இல்லையா? இரு கட்சிகளும் அந்த நிறுவனத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

2018இல் பியானோக் கலைஞர் றொபட் கிளாஸ்பர் வானொலியில் இதே குற்றச்சாட்டை மீண்டும் கிளப்பியபோது, ஹில் நீண்ட கட்டுரையொன்றில் மறுமொழி எழுதினார். ஆலோசனை சொல்லலாம், ஆனால் எனக்காக எவரும் எழுத முடியாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நல்ல வாதந்தான். ஆலோசனை எந்த இடத்தில் முடிந்து எழுத்து எந்த இடத்தில் தொடங்கியது என்ற கேள்விக்கு அதிலே விடையில்லை.

இணக்கம் ஏற்பட்டு ஐந்து மாதங்களின் பின், 2001 யூலையில், எம்.ரி.வி.யின் நிகழ்ச்சிக்காக அவர் கையில் ஒரு கித்தாருடன் தனியே வந்து அமர்ந்தார். பழைய பாடல்களை விட்டுவிட்டுப் புதியனவற்றைப் பாடினார். குரல் கரகரத்தது, இடையிடையே அழுதார், நீண்ட நேரம் பேசினார். அடுத்த ஆண்டு அது இரட்டை இறுவட்டாக வெளிவந்தபோது, வாத்தியகோஷ்டி எங்கே என்று விமர்சகர்கள் பலர் கேட்டார்கள்.